மதிப்பெண் 94, வந்தவர்கள் 6: மூன்று வருடம் ஓட்டிய ஒரு டேஷ்போர்டு

இன்னொரு தொண்டு அமைப்பில் வேலை பார்க்கும் தோழி போன வாரம் கேட்டாள்: "நீங்க வச்சிருக்கிற டேஷ்போர்டுக்கு இப்போ பாதி விலைதானாமே, வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். வாங்கு என்று அடித்தேன், அழித்தேன். வாங்காதே என்று அடித்தேன், அதையும் அழித்தேன். அதனால்தான் இவ்வளவு நீளம்.

சமூக ஊடகப் பதிவுகளை நேரம் குறித்துப் போடுவது, எல்லா கணக்குகளின் எண்களையும் ஒரே பக்கத்தில் காட்டுவது, மாதக் கடைசியில் அறிக்கை தருவது எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. அதில் எனக்குக் குறையில்லை. என் தகராறு அந்தப் பச்சை வளையத்தோடு.

பக்கத்தைத் திறந்ததும் மேலே ஒரு வளையம் இருக்கும், நடுவில் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண். பெயர் 'வெற்றி மதிப்பெண்'. எதையெதைக் கூட்டி அந்த எண் வருகிறது என்று எங்குமே எழுதியிருக்காது. மறைக்கவும் வழியில்லை. மூன்று முறை எழுதிக் கேட்டுவிட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்: உங்கள் கருத்தைக் குழுவிடம் சேர்த்துவிட்டோம், நன்றி.

எங்கள் வேலை ரத்தக் கொடையாளர்களைத் திரட்டுவது. அவசரமாகப் பிளேட்லெட் வேண்டும் என்றால் பதிவு போடுவோம், பொருந்துகிறவர்கள் கூப்பிடுவார்கள். பிளேட்லெட்டைச் சேமித்து வைத்தால் பொதுவாக 5 நாள்தான் தாங்கும். பதிவுக்கு அப்படிக் கெடு எதுவும் கிடையாது. இரண்டாம் வருடம் ஓ நெகட்டிவ் கேட்டு ஒரு பதிவு போட்டோம். அன்று சாயங்காலமே ஆள் கிடைத்துவிட்டார். பதிவின் முதல் வரியாக 'கிடைத்துவிட்டது, நன்றி' என்று சேர்த்தோம். யார் படித்தார்கள்? அதற்குப் பிறகுதான் ஷேர் பிய்த்துக்கொண்டு போனது. நோயாளி வீடு திரும்பி வாரக்கணக்கான பிறகும் அவருடைய அண்ணனுக்கு நள்ளிரவில் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. "தயவுசெய்து அதை நிறுத்துங்க" என்று அவர் எங்களிடம் கெஞ்சிய அதே வாரத்தில்தான் வளையம் 94 காட்டியது. இன்றுவரை எங்கள் உச்சம் அதுதான். திரையில் வண்ணக் காகிதம் வேறு பறந்தது.

அதே மாதம் முகாம் நடத்தினோம். வந்தவர்கள் 6 பேர்.

சரி, கருவியை மட்டும் குறை சொன்னால் நியாயமில்லை. அதற்கு எண்ணைக் கொடுக்கும் தளங்களே அப்படித்தான். 3 நொடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை விட்டுவிட்டுச் சராசரி போட்டதால் வீடியோ பார்க்கும் நேரத்தைக் கூட்டிக் காட்டிவிட்டோம் என்று ஃபேஸ்புக்கே 2016-இல் ஒப்புக்கொண்டது. 2024-இல் இன்ஸ்டாகிராம் 'வியூஸ்' என்பதை முதன்மை அளவாக்கியது. ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் அதில் எண்ணிக்கை ஏறும். எங்கள் டேஷ்போர்டு ஒருநாள் சத்தமில்லாமல் பழைய கணக்கை எடுத்துவிட்டு இதை வைத்தது. வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறியது, நிர்வாகக் குழு கைதட்டியது. அந்த வாரம் நாங்கள் போட்டதே இரண்டு பதிவுதான் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. கைதட்டலை நிறுத்துகிற வேலை யாருக்குத்தான் பிடிக்கும்?

ஈடுபாட்டு விகிதத்திலும் இதே கூத்துதான். ஒரு பதிவுக்கு லைக், கமெண்ட், ஷேர் எல்லாம் சேர்த்து 60 என்று வையுங்கள். பின்தொடர்பவர்கள் 3,000 பேர் என்றால் 2 சதவீதம். பதிவு உண்மையில் போய்ச் சேர்ந்த 600 பேரால் வகுத்தால் அதே 60 பத்து சதவீதம் ஆகிவிடும். இரண்டுமே சரியான கணக்குதான், எதால் வகுத்தோம் என்று சொன்னால். எங்கள் டேஷ்போர்டு முகப்புப் பக்கத்தில் ஒன்றால் வகுக்கிறது, மாத அறிக்கையில் இன்னொன்றால். நிதி கொடுப்பவர் ஒருவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது.

இந்த எரிச்சலை எல்லாம் மீறி ஏன் மூன்று வருடம் ஓட்டினேன்? ஒரு சின்னக் கொடி.

வரைபடத்தில் எந்தத் தேதியை அழுத்தினாலும் ஒரு கொடி நட்டு, அதில் குறிப்பு எழுதலாம். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கை தவறி அழுத்தித்தான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து ரீச்சை, அதாவது பதிவு எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது என்ற எண்ணை விட்டுவிட்டு வந்தவர்களை எழுத ஆரம்பித்தேன். 'முகாம், 6 பேர்.' 'நேரப் பட்டியல் பதிவு, 23 பேர் பெயர் கொடுத்து 17 பேர் வந்தார்கள்.' 'போன தடவை கொடுத்தவர்களில் 9 பேர் மறுபடியும்.' ஒரு வருடம் கழித்துப் பின்னோக்கி உருட்டிப் பார்த்தேன். கோட்டின் உச்சிகள் ஒரு பக்கம், என் நல்ல கொடிகள் ஒரு பக்கம். 17 பேரைக் கூட்டி வந்த பதிவுக்கு விழுந்த லைக் 11. மங்கலான படம், எந்த மணிக்கு எத்தனை இடம் இருக்கிறது என்ற பட்டியல், கீழே ஒரு லிங்க். அவ்வளவுதான். அன்று வளையம் 38 காட்டியிருக்கிறது.

லிங்க்கின் கடைசியில் யுடிஎம் ஒட்டுகளை, அதாவது எங்கிருந்து வந்தது என்று காட்டும் அடையாளச் சொற்களைத் தானே சேர்த்துவிடும் வசதியும் உருப்படியானது. எந்தப் பதிவிலிருந்து ஆள் வந்தார் என்று பெயர் கொடுக்கும் படிவம் வரை பின்தொடரலாம். ஒட்டில்லாத லிங்க்கை யாராவது வாட்ஸ்அப்பில் போட்டால், வருகிறவர்கள் பெரும்பாலும் 'நேரடி' என்ற கணக்கில் விழுந்துவிடுவார்கள். எங்களுக்கு அதிகம் பேர் வாட்ஸ்அப் வழியில்தான் வருகிறார்கள் என்பதே, குழுக்களுக்கென்று தனி லிங்க் செய்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் தலைவர் ஒத்துக்கொள்ள மாட்டார். வளையம் தேவை என்பது அவர் கட்சி. 2013-இல் யுனிசெஃப் ஸ்வீடன் கிளை லைக் உயிரைக் காப்பாற்றாது என்று பிரசாரமே நடத்தியது என்று நான் ஆரம்பித்தால், உடனே அவர் 2014-இல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீடியோ போட்ட ஐஸ் வாளிச் சவாலை எடுத்துப் போடுவார். வேடிக்கை வீடியோதானே, ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கான சங்கத்துக்குச் சுமார் 11.5 கோடி டாலர் வந்ததே என்பார். உண்மைதான். ஆனால் அங்கே பணம் கொடு என்ற கோரிக்கை அந்தச் சவாலுக்குள்ளேயே இருந்தது, இன்றைக்கும் எல்லோரும் சொல்வது வந்த தொகையைத்தான். இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். வாதம் அடுத்த கூட்டத்துக்குப் போகும்.

இப்போது சமீபத்திய கதை. போன மாதம் ஒரு கணக்கின் அனுமதி காலாவதியாகி, இரண்டு வாரம் இணைப்பு அறுந்து கிடந்தது. தகவல் வரவில்லை என்று காட்ட வேண்டிய இடத்தில் கருவி வரிசையாகப் பூஜ்யம் போட்டது. வளையம் சிவப்பாகி 31-க்கு இறங்கியது. தலைவர் காலை ஆறரைக்குக் கூப்பிட்டார். இணைப்பைச் சரிசெய்தார்கள், தப்பில்லை. ஆனால் அந்தப் பதினாலு பூஜ்யங்களும் சராசரியில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. எடுக்க முடியாதாம்.

அத்தோடு விட்டதா? ஆண்டறிக்கைக்கு எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்தேன். ரீச் வந்தது, வியூஸ் வந்தது, வளையம் முழுப் பக்கத்துக்கு வந்தது. கொடிகள் மட்டும் வரவில்லை. மூன்று வருடக் குறிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்தி, கையால் விரிதாளில் ஏற்றினேன். இரண்டு இரவு ஆனது. ஏற்றி முடித்துப் பார்த்தால், எனக்கு வேண்டியது மொத்தமும் அந்த விரிதாளிலேயே இருக்கிறது: தேதி, பதிவு, பெயர் கொடுத்தவர்கள், வந்தவர்கள், திரும்ப வந்தவர்கள். ஐந்தே பத்தி.

எனவே தோழிக்கு என் பதில்: வாங்காதே. ஒரு விரிதாளும் ஒட்டுப் போட்ட லிங்க்கும் போதும்.

நாங்கள் வெள்ளிக்கிழமை இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டோம். பாதி விலை என்றதும் தலைவர் என்னிடம் கேட்கவே இல்லை. எனக்கும் அவ்வளவாகக் கோபம் வரவில்லை, அந்தக் கொடியை விட மனசில்லை. வளையத்தின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன், திரையில்தான். இன்று காலை அது லேசாகப் பிரிந்திருந்தது, உள்ளே 71 தெரிந்தது. எதற்கு ஏறியிருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். அந்த ஓ நெகட்டிவ் பதிவை யாரோ மறுபடியும் ஷேர் செய்திருக்கிறார்கள்.