60 நாளில் 3,000 ஆங்கிலச் சொற்கள் என்றால் பணம் கட்டாதீர்கள்

8,500 ரூபாய் போய்விட்டது. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்கு இது சின்னக் காசு இல்லை. அம்மா தீவுப் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுத்துச் சேர்த்தது.

தங்கச்சி பிளஸ் டூ, தமிழ் மீடியம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர க்யூட் என்ற நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். ஆங்கிலத் தாளில் 60 நிமிடத்தில் 50 கேள்வி. சரியான விடைக்கு 5 மதிப்பெண், தப்பானால் ஒன்று கழியும். அவளுக்கு இலக்கணம் வரும், சொற்கள்தான் காலை வாரின.

போனில் '60 நாளில் 3,000 ஆங்கிலச் சொற்கள்' என்று ஒரு பயிற்சி ஆப்பின் விளம்பரம் பார்த்து நம்பரைக் கொடுத்தேன். மறுநாளே ஒருவர் கூப்பிட்டார். "அக்கா, நானும் நம்ம பக்கம்தான், பரமக்குடி" என்றார். முக்கால் மணி நேரம் பேசினார். தங்கச்சியிடம் பத்துச் சொல் கேட்டு, தெரியாத நான்கையும் அவ்வளவு பொறுமையாக விளக்கினார். அவள் முகம் மலர்ந்ததும் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. கடைசியில், "ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சா உங்களுக்குக் கை இறுகிடும்க்கா. இப்பவே கட்டிடுங்க, 12,000-ஐ 8,500 ஆக்கித் தர்றேன்" என்றார். நம் கஷ்டம் தெரிந்த பிள்ளை என்று நினைத்தேன். நம் கஷ்டத்தை வைத்தே காசு பறித்திருக்கிறான்!

தினமும் நேரலை வகுப்பு என்றார்கள். மூன்றே நாள் நடந்தது, அதுவும் இந்தியில். புத்தகம் வீட்டுக்கு வரும் என்றார்கள், வந்தது ஒரு பிடிஎஃப். அதில் 'காஸ்ட்' (cast) என்ற சொல்லுக்கு 'சாதி' என்று போட்டிருக்கிறார்கள். கடைசியில் 'ஈ' (e) எழுத்து வந்தால்தான் அது சாதி. இவர்கள் அச்சடித்திருப்பது வலை வீசுவதற்கான சொல். வலைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கே இப்படிச் சொல்லித் தருகிறார்கள்! அவளே அகராதியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். இப்படி எத்தனை தப்பை மனப்பாடம் செய்தாளோ.

பணத்தைக் கேட்டால், "சீனியர்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றார்கள். அப்புறம் "கம்ப்ளெயின்ட் டிக்கெட் போட்டாச்சு." அதற்கு அடுத்த வாரம் வேறொரு பெண், "24 மணி நேரத்துக்குள்ள கேட்டாத்தான் மேடம் ரீஃபண்ட்" என்றாள். அந்த பரமக்குடிக்காரர் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். இப்போது தடைக்காலம். அப்பா போகும் போட் கரையில் நிற்கிறது. அந்த 8,500 இருந்தால் இந்த மாதம் கடன் வாங்கியிருக்க மாட்டோம்.

போனில் அவசரப்படுத்தினால் கட்டாதீர்கள். ரீஃபண்ட் விதியை எழுத்தில் கேளுங்கள். தேர்வு நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தளத்தில் பாடத்திட்டம் இலவசமாகவே இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். ஏமாந்தது தெரிந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். நான் ஒரு மாதம் அவர்கள் பேச்சை நம்பிக் காத்திருந்துவிட்டேன். நேற்றுதான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன்.