பாறையில் பேனல், வீட்டில் பேட்டரி: 80 மீட்டர் கேபிளோடு ஐந்தாறு வருடம்

கீழ்ப்பழனி மலையில் காபித் தோட்டத்துக்குள் சோலார் போடுகிறவர்களுக்கு ஒரு இக்கட்டு உண்டு. காபிக்கு நிழல் வேண்டும், பேனலுக்கு நிழலே ஆகாது. சில்வர் ஓக்கை வெட்டினால் காபியும் போகும், அதில் ஏற்றிவிட்ட மிளகும் போகும். தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் நாள் முழுக்க வெயில் விழுகிற இடம் ஒரு பாறை மட்டும்தான். பேனல்கள் அங்கே, வீடு 80 மீட்டர் தள்ளிக் கீழே. கரண்ட் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கணக்குக்கு 160 மீட்டர். கடைசி இ.பி. போஸ்ட் வெகு தூரத்தில் இருக்கிறது, ஆகவே சோலாரைத் தவிர வேறு கதி கிடையாது.

முதலில் இருந்தது மாமா காலத்து 12 வோல்ட் அமைப்பு. 125 வாட் பேனல் நான்கு, எல்லாம் பேரலலில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்). 10 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள், வீட்டில், பேனலை நேராகப் பேட்டரியோடு இணைத்துச் சார்ஜைக் கட்டுப்படுத்தும் எளிய வகை பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் ஒன்று. பேனல் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிள்படி 28 ஆம்ஸ் வர வேண்டும். உச்சி வெயிலில், வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டால் 15, 16தான் காட்டும். பேனல் மேல் பழி போட ஒன்றுமில்லை. அந்தக் கேபிளின் ரெசிஸ்டன்ஸ் போக வர 0.31 ஓம். 28 ஆம்ஸ் ஓடினால் எட்டரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே விழ வேண்டும். பேனல் தருவதே பதினேழரை வோல்ட், வெயிலில் காய்ந்தால் அதைவிடக் குறைவு. அந்தப் பக்கம் பேட்டரி 13 வோல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் மிஞ்சுகிற வோல்ட்டுக்கு எவ்வளவு கரண்ட் ஓட முடியுமோ அவ்வளவுதான் ஓடியது.

வத்தலக்குண்டிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் தம்பி மீட்டரைப் பார்த்ததுமே சொன்னார்: "கேபிளை 35 எம்எம் ஆக்கிரலாம்ணே, சரியாப் போயிரும்." எங்கே கேட்டாலும் முதலில் கிடைக்கிற யோசனை இதுதான். "வயரை மாத்த வேணாம் தம்பி, வோல்ட்டை மாத்துவோம்" என்றேன். எப்படியும் பேனல்களுக்கு வயதாகிவிட்டது. 335 வாட் பேனல் நான்கு வாங்கி, பேட்டரியையும் 48 வோல்ட்டுக்குக் கொண்டுபோனோம்.

அந்த நான்கையும் பேரலலில் போட்டால் 37.8 வோல்ட், 35 ஆம்ஸுக்குக் கொஞ்சம் மேல். சீரியலில் (ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸில்) போட்டால் 151 வோல்ட், 9 ஆம்ஸுக்குக் கொஞ்சம் கீழ். வாட்ஸ் இரண்டிலும் ஒன்றே. கேபிளில் வீணாவது கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் கரண்ட் நாலில் ஒரு பங்கானால் இழப்பு பதினாறில் ஒரு பங்கு. எங்கள் தூரத்துக்கு 6 ஸ்கொயர் எம்எம் காப்பரில் சீரியலாக வந்தால் ஐந்து வோல்ட் அளவு விழுகிறது, 43 வாட் போகிறது, அதாவது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். இதே சதவீதத்தைப் பேரலலில் பிடிக்க வேண்டுமென்றால் 95 ஸ்கொயர் எம்எம் கேபிள் வேண்டும். அதில் செம்பு மட்டும் 136 கிலோ. 6 எம்எம்மில் 9 கிலோகூட இல்லை. 136 கிலோ செம்பை வாங்குவதற்குக் காசு இருந்தாலும் அதைப் பாறைக்குச் சுமந்து ஏற்ற ஆள் கிடைக்க மாட்டார். 1882இல் எடிசன் நியூயார்க்கின் பேர்ல் ஸ்டிரீட்டில் 110 வோல்ட் டிசியில் மின்சாரம் விற்க ஆரம்பித்து, ஸ்டேஷனிலிருந்து ஒரு மைல் வாக்கில் முட்டி நின்றதும் இந்தச் செம்புக் கணக்கில்தான்.

மாற்றிய பிறகு பார்த்தது: நல்ல வெயிலில், பேனல் சூடேறியிருக்கும்போது பாறையில் 136 வோல்ட், வீட்டில் 131. ஏட்டுக் கணக்கைவிடத் துளி அதிக இழப்பு, ஏனென்றால் செம்பு சூடாக ஆக அதன் ரெசிஸ்டன்ஸ் 10 டிகிரிக்குக் கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடும். இந்த அளவை எடுக்க இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் மீட்டர் வைக்க வேண்டும். ஒருவரே ஏறி இறங்கி எடுத்தால் அதற்குள் ஒரு மேகம் வந்து போயிருக்கும். டிசி ஆம்ஸ் காட்டும் கிளாம்ப் மீட்டரா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவை பலவும் ஏசி மட்டுமே காட்டும்.

சார்ஜ் கன்ட்ரோலர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. எங்கள் பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (கரண்ட் எதுவும் ஓடாதபோது காட்டும் வோல்ட்) 46. நான்குக்கு 184. இது 25 டிகிரிக்கான கணக்கு, குளிரக் குளிர ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம் ஏறும். மார்கழி, தை விடியலில் இங்கே 8, 10 டிகிரிக்கு இறங்கும்போது 193 வரை போகும். 150 வோல்ட் கன்ட்ரோலர் இதை எந்த நாளிலும் தாங்காது, அதனால் பேனலின் உயர்ந்த வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் 250 வோல்ட் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர். அதையும் பேட்டரிக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். பாறைப் பக்கம் வைத்தால் குறைந்த வோல்ட், அதிக ஆம்ஸ் நீளக் கேபிளில் ஓடும், அதோடு பேட்டரியின் சரியான வோல்ட்டும் அதற்குத் தெரியாது.

சீரியலில் ஒரு குறை, ஒரு பேனலில் நிழல் விழுந்தால் மொத்த ஸ்டிரிங்கும் (சீரியல் வரிசையும்) அடிபடும். எங்கள் பாறையில் மாலை நான்கு மணிக்கு மேல்தான் அந்தத் தொல்லை, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்று. 150 வோல்ட் டிசி, 12 வோல்ட் மாதிரிச் சாது இல்லை. ஏசி ஒரு நொடியில் நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், ஆகவே பொறி தானாக அணையும். டிசியில் பொறி பிடித்தால் நின்று எரியும். வீட்டு ஏசி எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் ஸ்விட்ச்) இதற்கு ஆகாது, டிசி எம்சிபிதான். அதிலும் பல மாடல்களில் பிளஸ், மைனஸ் குறி போட்டிருக்கும், மாற்றிக் கொடுத்தால் அணைக்கும்போது உள்ளேயே கருகும். வெயில் இருக்கும்போது கரண்ட் ஓடிக்கொண்டிருக்க, பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கவே கூடாது.

கேபிளைவிட இணைப்புகள்தான் எங்களைப் படுத்தின. இரண்டாவது கோடையில் தினசரி யூனிட் மெல்லக் குறைந்தது. பேனலைத் துடைத்தோம், பயனில்லை. ஒவ்வொரு கனெக்டராகப் புறங்கையால் தொட்டுப் போனபோது மூன்றாவது பேனலுக்கும் நான்காவதுக்கும் நடுவில் இருந்தது சுட்டது. ஸ்விட்சை அணைத்து, பேனலைச் சாக்கால் மூடிப் பிரித்தால், ஆண் பக்கம் ஒரு கம்பெனி, பெண் பக்கம் வேறு கம்பெனி. இரண்டும் கிளிக் என்று பூட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளே பின் இறுக்கமாகப் பிடிப்பதில்லை. பின்னின் வெள்ளிப் பளபளப்பு போய்க் கறுத்திருந்தது, பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பேறி லேசாக இளகியிருந்தது. போதாததற்கு, வயரைப் பின்னோடு பிணைக்கும் கிரிம்ப்பைக் கட்டிங் பிளேயரால் நசுக்கியிருந்தார்கள். ஒரே கம்பெனி ஜோடிகள் வாங்கி, முறையான கிரிம்பிங் டூலால் அடித்த பிறகு அந்த இடம் சுடவே இல்லை. வருடத்துக்கு ஒரு முறை நடு வெயிலில் இந்தத் தொட்டுப் பார்க்கும் வேலை இன்னும் நடக்கிறது.

கேபிள் வாங்கும்போது ஒரு சோதனை. 6 எம்எம் சோலார் கேபிளில் பொதுவாக 0.3 எம்எம் இழை 84 இருக்கும், வெள்ளீயம் பூசியது. எண்ணிப் பார்க்கலாம், கடைக்காரர் முறைப்பார். அதைவிட எளிது, 100 மீட்டர் சுருளோடு கார் பேட்டரியையும் பழைய ஹெட்லைட் பல்பையும் இணைத்து, சுருளின் இரு முனைக்கும் நடுவில் உள்ள வோல்ட்டை ஓடுகிற ஆம்ஸால் வகுப்பது. 0.34 ஓம் பக்கம் வந்தால் சரக்கு சுத்தம். நாங்கள் முதலில் எடுத்து வந்த சுருள் 0.45 காட்டியது. திருப்பிக் கொடுத்தோம்.

அலுமினியம் கேவலமில்லை. அதே ரெசிஸ்டன்ஸுக்கு 1.6 மடங்கு ஸ்கொயர் எம்எம் வேண்டும், ஆனாலும் எடை பாதிதான், விலை இன்னும் குறைவு. நீண்ட தூரத்துக்கு ஆர்மர்டு அலுமினியம் கேபிளைப் பயமின்றிப் போடலாம். முனைகளில் மட்டும், செம்பும் அலுமினியமும் சேர்ந்த பைமெட்டல் லக்கும் ஆக்சைடு தடுக்கும் பசையும் கட்டாயம். செம்பு பஸ்பாரில் (இணைப்புப் பட்டையில்) அலுமினியத்தை நேராக முறுக்கினால் இரண்டு மழைக்காலத்தில் வெள்ளைப் பொடி பூத்து நிற்கும்.

எங்கள் கேபிள் மண்ணுக்குள் எச்டிபிஈ பிளாஸ்டிக் குழாயில் போகிறது. மேலாக விட்டால் காட்டுமாடு மிதிக்கும், எலி கடிக்கும். பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒட்டியே ஒரே குழாயில் விட்டிருக்கிறோம். இரண்டும் விலகிப் போனால் நடுவில் பெரிய வளையம் உருவாகி, பக்கத்தில் இடி விழும்போது அதில் வோல்ட் தூண்டப்படும். ஐப்பசி இடியை இங்கே லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இரு முனையிலும், இடியால் வரும் அதிக வோல்ட்டைத் தரைக்குத் திருப்பும் டிசி எஸ்பிடி இருக்கிறது. பாறைப் பக்க எஸ்பிடியின் சின்ன ஜன்னல் ஒரு மழைக்காலத்தில் பச்சையிலிருந்து சிவப்பானது, கன்ட்ரோலர் தப்பித்தது.

காபி உலர்த்தும் களத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் 24 வாட் விளக்கு, வீட்டிலிருந்து 60 மீட்டர். பழைய 12 வோல்ட்டில் ஒன்றரை எம்எம் வயர் மூன்று வோல்ட்டைத் தின்றுவிடும். டிரைவர் (கரண்ட்டைச் சீராக வைக்கும் சர்க்யூட்) உள்ள எல்இடி இன்னும் மோசம், வோல்ட் குறைந்தால் அதை ஈடுகட்டக் கூடுதல் ஆம்ஸ் இழுக்கும், அதனால் வோல்ட் மேலும் விழும். இப்போது 48 வோல்ட்டை அப்படியே அதே வயரில் அனுப்பி, கொட்டகையில் ஒரு சின்ன பக் கன்வர்ட்டர் 12 ஆக்குகிறது. விழுவது ஒரு வோல்ட்கூட இல்லை. 230 வோல்ட் ஏசியே அனுப்பலாமே என்று கேட்பார்கள். அனுப்பலாம், ஆனால் இந்த ஒரு விளக்குக்காக இன்வர்ட்டரை இரவெல்லாம் ஓட விட்டால் அது சும்மா இருப்பதற்கே 20 வாட் குடிக்கும், 12 மணி நேரத்தில் கால் யூனிட்.

ஓடையிலிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டாரில் தலைகீழ் முடிவு. 230 வோல்ட்டில் ஓடும்போது கேபிள் இழப்பு 3 சதவீதம்தான், ஆனால் ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுத்து 40 வோல்ட் வரை விழும், மோட்டார் முனகும், இன்வர்ட்டர் டிரிப் ஆகும். கடைசியில் ஓடையோர வெட்டவெளியில் தனிப் பேனலோடு, டிசியிலேயே ஓடும் ஒரு பிஎல்டிசி பம்ப் வைத்து, தண்ணீரை மேல் தொட்டிக்கு ஏற்றிவிட்டோம். வெயில் இருக்கும்போது தொட்டி நிறைகிறது. அந்தக் கேபிளே இப்போது இல்லை.

3 சதவீதத்தை 1 ஆக்கலாமா என்று கேட்ட நண்பருக்கு, வேண்டாம் என்றேன். அதற்கு 16 எம்எம்மைவிடப் பருத்த காப்பர் தேவைப்படும். பேனல் விலை பல வருடமாக இறங்கி வந்திருக்கிறது, செம்பு விலை ஏறி வந்திருக்கிறது, அந்தக் காசுக்கு இன்னொரு பேனல் மாட்டினால் இழப்பைப்போல் பல மடங்கு கிடைக்கும். எங்களுக்கும் அடுத்து இன்னொரு நான்கு பேனல் ஸ்டிரிங் போடும் எண்ணம் இருக்கிறது. அதை இதே கேபிளோடு பேரலலாகச் சேர்த்தால் கரண்ட் 18 ஆம்ஸைத் தொட்டு, இழப்பு 43 வாட்டிலிருந்து 170 ஆகிவிடும். ஆகவே தனியாக இன்னொரு ஜோடி 6 எம்எம். குழாயில் அதற்கு இடம் விட்டே பதித்திருக்கிறோம், இழுக்க ஒரு நைலான் கயிறும் உள்ளே கிடக்கிறது.