சவரக்கத்தி வாரின் லினன் பக்கம்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மடக்குச் சவரக்கத்தியைத் தீட்டும் வார் வாங்குகிறவர்கள் தோலைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். அதன் பின்னால் தொங்கும் லினன் துணியைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஓராண்டுக்கு முன் 3 அங்குல அகலமுள்ள தொங்கு வார் ஒன்றை இணையத்தில் வாங்கியபோது நானும் அப்படித்தான் இருந்தேன். தோலைப் பற்றி இன்று எனக்குச் சொல்ல அதிகமில்லை: மாட்டுத்தோல், வழவழப்பானது, குறையில்லை. துணியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வார் வந்த அன்று துணிப்பக்கம் அட்டையைப் போல் விறைத்திருந்தது. நூலுக்குப் போட்ட கஞ்சி கொஞ்சமும் போகவில்லை. கத்தியை ஓட்டினால் அலகு வழுக்கிக்கொண்டு போயிற்றே தவிர, துணியில் பிடிப்பே இல்லை. பழக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும் என்று விற்பனையாளர் ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம், அனுப்பாதது குறைதான். நல்ல வேளையாகத் துணி தோலுடன் சேர்த்துத் தைக்கப்படாமல், மேல் வளையத்தில் திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தது. அதைக் கழற்றி, சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் அலசி, நிழலில் கிடத்தி, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டேன். பிறகு ஒரு கண்ணாடிப் பாட்டிலைப் படுக்கவைத்து, மேலும் கீழுமாக அழுத்தித் தேய்த்தேன். மூன்று நாள் இப்படிச் செய்ததும் நூலின் முண்டுகள் அமுங்கி, துணி தொய்வில்லாமலே மிருதுவாயிற்று.

லினன் என்பது ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நார். இந்த நார் எளிதில் நீளாது. நனைந்தால் வலு கூடும். ஆகவே ஈரக் கத்தியைத் துடைத்துவிட்டுத் தீட்டினாலும் துணி தளர்வதில்லை. லினன் என்ற பெயரில் நைலான் பட்டையை விற்பவர்களும் இருப்பதால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். நைலானாக இருந்தால் உருகி மணியாகத் திரண்டிருக்கும். இது காகிதம் எரியும் வாசனையுடன் எரிந்து, விரலில் உதிரும் சாம்பலானது. இந்தச் சோதனையில் பருத்தியும் அப்படித்தான் எரியும் என்றாலும், ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும் நூலிழை பொதுவாக லினனின் அடையாளம்.

என் கத்தி ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த டோவோ நிறுவனத்துடையது, 5/8 அங்குல அகல அலகு, கார்பன் எஃகு. சவரத்துக்கு முன் துணியில் 20 முறை, தோலில் 40 முறை போய்வருகிறேன். அலகின் முதுகு முன்னே செல்ல, கூர் பின்னால் வர வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும், கூரின் மேல் புரட்டினால் துணியும் அறுபடும், பதமும் போய்விடும். வாரை இழுத்துப் பிடிக்காமல் தொய்யவிட்டால் கூர் உருண்டு மழுங்கும். துணி கூரில் ஒட்டியிருக்கும் சோப்புப் படிவையும் மெல்லிய துருவையும் துடைத்தெடுக்கிறது. தோல் அதன் பின் கூரை நேராக்கி மெருகேற்றுகிறது. முதல் பத்து முறைக்குள் துணியில் சாம்பல் நிறக் கோடு விழுவதைக் கண்ணால் காணலாம். அந்த அழுக்கு நேராகத் தோலுக்குப் போகாமல் இருப்பதே பெரிய நன்மை. சிறுவயதில் எங்கள் ஊர் முடிதிருத்தும் கடையில் நாற்காலியின் பக்கத்தில் தொங்கிய வாரில் தோல் மட்டுமே இருந்தது. அது ஏன் அவ்வளவு கறுத்திருந்தது என்பது இப்போதுதான் புரிகிறது.

சவரம் முடிந்த பிறகு துணியில் மட்டும் இன்னொரு 10 முறை தீட்டுகிறேன். சென்னையின் ஈரக்காற்றில் கார்பன் எஃகு எளிதில் துருப்பிடிக்கும். துண்டால் எவ்வளவு துடைத்தாலும் கூரின் விளிம்பில் நீர் தங்கிவிடும். வார் வாங்குவதற்கு முன் அலகில் பழுப்புப் புள்ளிகள் இரண்டு முறை வந்தன. இந்த ஓராண்டில் ஒன்றுகூட வரவில்லை.

குறை என்று பார்த்தால், ஆறாம் மாதத்தில் துணியின் இடது ஓரம் பிரியத் தொடங்கியது. கையால் மடித்துத் தைத்துக்கொண்டேன். 3,400 ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளில் அந்த வேலை நமக்கு வந்திருக்கக் கூடாது. ஆனாலும் துணியைத் தனியே கழற்றித் துவைக்கவும் மாற்றவும் முடிகிற இந்த அமைப்புக்காகவே, கார்பன் எஃகுக் கத்தி வைத்திருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வந்தவுடன் பயன்படுத்திவிடாமல், முதலில் கஞ்சியைப் போக்கிவிடுங்கள்.