நான்கு குளிர்காலம், ஒரு கம்பம்: நியூகாசிலில் காற்றை அளந்த அனுபவம்

2021 நவம்பர் 26 இரவு ஆர்வென் புயல் வந்தபோது எங்கள் வீட்டில் காற்றை அளக்க எதுவும் இல்லை. வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு மேற்கே, டைன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வடக்குச் சரிவில் இருக்கிறது எங்கள் தெரு. வாசல் கதவின் தபால் துளைக்கு ஒரு இரும்பு மூடி உண்டு. அன்று அது விடிய விடிய அடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் தூங்கவில்லை. காலையில் பார்த்தால் தெருமுனையில் இரண்டு பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. இரண்டு நாள் கரண்ட் இல்லை. சுமார் 35 மைல் வடக்கே, ஆல்ன்விக் அருகே பிரிஸ்லி வுட்டில் மணிக்கு 98 மைல் பதிவானது என்று செய்தியில் சொன்னார்கள். சரி, எங்கள் தெருவில் எவ்வளவு? அதைச் சொல்ல யாரும் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் 2022 ஜனவரியில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியான அனிமோமீட்டரை முதல்முறை வாங்கினேன். இப்போது நான்காவது குளிர்காலமும் முடிந்துவிட்டது. வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் கருவி 150 பவுண்டு. மூன்று கிண்ணம் சுழலும் வகை, கூடவே திசைகாட்டி, மழைமானி, சமையலறையில் வைக்க ஒரு சின்னத் திரை. அதைப் புகைபோக்கி ஓரமாக ஒரு கம்பியில் கட்டினேன். அந்தப் பிப்ரவரியில் ஒரே வாரத்தில் டட்லி, யூனிஸ், ஃபிராங்க்ளின் என்று மூன்று புயல் வரிசையாக வந்தன. பிரிட்டனில் 2015இல் புயலுக்குப் பெயர் வைக்கத் தொடங்கிய பிறகு ஒரே வாரத்தில் மூன்று வந்தது அதுவே முதல் தடவை. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஆனால் நான் எழுதி வைத்த எண்கள் ஒன்றும் தேறவில்லை. கூரை விளிம்பில் காற்று சுழித்துத் திரும்புகிறது. திசைகாட்டி அரை நிமிடத்தில் தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றிவந்தது. வானிலை நிலையங்களில் காற்றை 10 மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில் அளக்கிறார்கள். பக்கத்தில் மரமோ கட்டடமோ இருந்தால் அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமான தெருவில் அதற்கு வழியே இல்லை. கூரை உச்சிக்கு மேல் 2 மீட்டர் நிற்கும்படி ஒரு கம்பம் நட்டேன். அதற்குப் பிறகு எடுத்த அளவுகளைத்தான் நம்புகிறேன்.

முன்னறிவிப்பில் இரண்டு எண் வரும், இதை முதலில் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று 10 நிமிடச் சராசரி வேகம். இன்னொன்று உச்ச வீச்சு, அதாவது 3 நொடிச் சராசரியில் கிடைத்த பெரிய எண். ஓடு பறப்பதும் வேலி சாய்வதும் இந்த வீச்சால்தான். என் முதல் கருவி 16 நொடிக்கு ஒருமுறைதான் தகவல் அனுப்பியது. இடையில் வந்து போன வீச்சுகள் பல திரைக்கு வரவே இல்லை. இரண்டாவது வருடம் பணம் சேர்த்து, 2.5 நொடிக்கு ஒருமுறை அனுப்பும் கருவி ஒன்றை வாங்கினேன். சில வாரம் இரண்டையும் ஒரே கம்பத்தில் வைத்துப் பார்த்தேன். லேசான காற்றில் வித்தியாசமே இல்லை. காற்று முரட்டுத்தனமாக வீசும் நாட்களில் புதியது ஐந்தாறு மைல் கூடக் காட்டியது. வாங்கும்போது திரையின் அழகைப் பார்க்காதீர்கள், இந்த இடைவெளி எத்தனை நொடி என்று கேளுங்கள்.

முதலில் நான் செய்த ஒப்பீடு நேரடியானது. வானிலைச் செயலி 65 மைல் என்றது, என் கம்பம் 41 காட்டியது, ஆக முன்னறிவிப்பு தப்பு என்று எழுதி வைத்துவிடுவேன். இப்படி ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது. பிறகுதான் நோட்டில் முன்னறிவிப்பு, என் அளவு என்ற இரண்டு பத்திக்குப் பக்கத்தில் மூன்றாவது பத்தி ஒன்றைச் சேர்த்தேன்: நியூகாசில் விமான நிலையத்தின் மெட்டார், அதாவது விமானிகளுக்கான வானிலை அறிக்கை. ஒவ்வொரு மணிக்கும் 20ஆவது, 50ஆவது நிமிடத்தில் வரும். அதில் 24032ஜி48 என்று இருந்தால் காற்று 240 பாகையிலிருந்து, அதாவது மேற்கு-தென்மேற்கிலிருந்து, சராசரி 32 நாட், வீச்சு 48 நாட். 1.15ஆல் பெருக்கினால் மைல் கணக்கு, ஏறக்குறைய 55. ஓடுபாதை திறந்த வெளி, அளவு முறைப்படி எடுத்தது. விமான நிலையம் முன்னறிவிப்போடு ஒத்துப்போய், என் கம்பம் மட்டும் குறைவாகக் காட்டினால் காரணம் என் தெரு. இரண்டுமே குறைவாக இருந்தால்தான் முன்னறிவிப்பைக் குறை சொல்லலாம். ஒரு விஷயம் கவனிக்கணும். மெட்டாரில் வருவது முந்தைய 10 நிமிட வீச்சு மட்டும். மழைப் பட்டை ஒன்று ஐந்து நிமிடத்தில் அடித்துவிட்டுப் போனால் அது இரண்டு அறிக்கைக்கும் நடுவில் நழுவிவிடலாம்.

இப்படி மூன்று பத்தியாக எழுதத் தொடங்கியதும் படம் மாறிவிட்டது. பெரும்பாலான நாட்களில் முன்னறிவிப்பு சரியாகவே இருந்தது, நேரமும் ஒன்றிரண்டு மணிக்குள் பொருந்தியது. தப்பாக இருந்தது என் எதிர்பார்ப்புதான். பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபீஸின் உள்நாட்டுக் கணினி மாதிரி 1.5 கிலோமீட்டர் கட்டங்களாக நாட்டைப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் உலக மாதிரிக்குக் கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். அடுத்த வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் சிக்கமோர் மரம் எந்தக் கட்டத்திலும் இல்லை. எனக்கும் தென்மேற்குக் காற்றுக்கும் நடுவே நிற்பதோ அந்த மரம்தான்.

அதனால் திசைவாரியாக என் அளவை முன்னறிவிப்பால் வகுத்துப் பார்த்தேன். தென்மேற்கிலிருந்து வந்தால் என் வீட்டுக்குக் கிடைப்பது முன்னறிவிப்பின் வீச்சில் 0.6 பங்கு. மேற்கு-வடமேற்கு என்றால் 0.85, பள்ளத்தாக்கின் வழியே நேராக ஏறி வருகிறது. வடகிழக்கு என்றால் 0.95. அந்தப் பக்கம் வயல்வெளி, தடுக்க ஒன்றுமே இல்லை. எனக்கு இந்த மூன்று எண்தான் நான்கு வருடத்தின் பலன். தென்மேற்கிலிருந்து 70 என்று பயமுறுத்தும் இரவில் எங்களுக்கு 42தான் வரும். வடகிழக்கிலிருந்து வெறும் 55 என்று போட்டிருந்தால் 52 வரும். தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 42க்கும் 52க்கும் பத்து மைல் வித்தியாசம்தான், ஆனால் விசை ஒன்றரை மடங்கு. ஆர்வென் எங்கள் மரங்களைச் சாய்த்ததன் ரகசியமும் இதில் இருக்கிறது. மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் காற்றைத் தாங்கிப் பழகிய மரங்கள் மேல் அன்று வடக்கும் வடகிழக்கும் மோதின.

2023 அக்டோபரில் பேபெட் புயல் கிழக்கிலிருந்து வந்தபோது இந்தக் கணக்கு உதவியது. சவுத் ஷீல்ட்ஸ் கலங்கரை விளக்கத்தின் குவிமாடத்தையே கடல் கொண்டுபோன புயல் அது. முந்தின நாளே தோட்டத்து நாற்காலிகளை உள்ளே எடுத்து, வடக்கு வேலிக்கு இரண்டு முட்டுக் கொடுத்தேன். தபால் துளை மூடி மறுபடி அடிக்கத் தொடங்கியது. திரையில் 49 வரை போனது, வேலி நின்றது. மூன்று மாதம் கழித்து, 2024 ஜனவரி 21 ஞாயிறு இரவு, ஈஷா புயல். பிரிஸ்லி வுட்டில் 99 மைல். செயலி எங்கள் பகுதிக்கு 68 போட்டிருந்தது. மேற்கும் தென்மேற்குமாகக் காற்று. சமையலறைப் புகைவிசிறியின் மூடி உறுமியதே தவிர, தபால் துளை வாயைத் திறக்கவில்லை. கம்பத்தில் உச்சம் 43. பிரிஸ்லி வுட் குன்றின் மேல் இருக்கிறது, யூனிஸில் 122 மைல் பதிவான நீடில்ஸ் கடலோரப் பாறை முனை. அந்த எண்கள் உண்மை, ஆனால் தெருவில் நிற்பவருக்கானவை அல்ல.

அம்மா வேதாரண்யம் பக்கம். கஜா அடித்ததில் 2018 நவம்பரில் எங்கள் தென்னை ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஈஷா செய்தி பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, அங்கயும் புயலாமே, கடலு உள்ள வந்துருமா?" என்றார். கஜா கடலின் சூட்டைக் குடித்து வளர்வது, இங்கே வருவது வடக்கின் குளிரும் தெற்கின் வெப்பமும் முட்டிக்கொள்வதில் பிறப்பது, மேலே ஓடும் வேகமான காற்றோட்டம் அதை இழுத்துக்கொண்டு வரும் என்று சொன்னேன். "அதெல்லாம் சரி, உங்க தெருவுல எவ்வளவு?" என்று கேட்டார். 43 மைல், நம்ம கணக்கில் 70 கிலோமீட்டர் என்றதும்தான் நிம்மதியாகப் போனை வைத்தார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் கருவியின் தாங்கி (பேரிங்) மூன்றாவது குளிர்காலத்தில் தேய்ந்துவிட்டது. லேசான காற்றுக்குக் கிண்ணம் நகரவே இல்லை, நானோ அமைதியான நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடுங்குளிரில் சாதாரண பேட்டரி சோர்ந்துபோகும், லித்தியம் போடுங்கள். ஈரப் பனி இன்னும் மோசம். ஒரு மார்ச் இரவு மனைவி சமையலறையிலிருந்து கூப்பிட்டாள், "இங்க வந்து பாருங்க, சைபர் காட்டுது." வெளியே கதவு அதிர்ந்துகொண்டிருக்கிறது, திரையில் 0. காலையில் ஏணி வைத்துப் பார்த்தால் மூன்று கிண்ணத்தையும் பனி ஒரே கட்டியாக இறுக்கியிருந்தது. அந்தப் புயலுக்கு என் நோட்டில் வெறும் கோடுதான். புயல் நடக்கும்போது ஏணி ஏறாதீர்கள், எந்த அளவும் அதற்கு ஈடாகாது.

ஏயோவின் புயல் வந்தபோது, 2025 ஜனவரி 24, அயர்லாந்தின் மேஸ் ஹெட்டில் மணிக்கு 184 கிலோமீட்டர் பதிவாகி 1945இன் சாதனை முறிந்தது. அன்று காலை திசையைப் பார்த்தேன், விகிதத்தால் பெருக்கி நோட்டில் 45 என்று முன்கூட்டியே எழுதினேன். கம்பம் 47 காட்டியது. அடுத்த வாரமே அடுத்த வீட்டுக்காரர் வந்து சிக்கமோர் மரத்தை வெட்டப்போவதாகச் சொன்னார். மே மாதம் வெட்டுகிறார்கள். தென்மேற்குக்கு நான் எழுதிய 0.6ஐ அடித்துவிட்டு, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.