நாலு வருடம், ஒரே ஜோடி: மழை தாங்கும் பைக் பூட்ஸ் தேடிய கதை

இந்தப் பூட்ஸை வாங்கி நாலு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன. தினமும் வேலைக்குப் போய்வருவது, அவ்வப்போது நெடுந்தூரப் பயணம் எனக் கூட்டினால் 46,000 கிலோமீட்டர் சொச்சம் ஓடியிருக்கும். வாங்கிய முதல் வாரத்திலேயே எழுதியிருந்தால் ஆகா ஓகோ என்று எழுதியிருப்பேன். அதனால்தான் இத்தனை நாள் பொறுத்தேன்.

இதற்கு முன்னால் மூன்று முறை தப்பாக வாங்கியவன் நான். முதலில் சாதாரண ரப்பர் கம்பூட்ஸ். ஒரு சொட்டு உள்ளே வராது, ஆனால் வியர்வையும் வெளியே போகாது. ஒரு மணி நேரம் ஓட்டினால் மழையில் நனைந்த காலுக்கும் அதற்குள் இருந்த காலுக்கும் வித்தியாசமே தெரியாது. அப்புறம் மலையேறும் ஷூவின் மேல் மாட்டும் மழை உறை. நனையாமல் காப்பாற்றியது உண்மைதான். ஆனால் சிக்னலில் காலை ஊன்றும்போதெல்லாம் அதன் அடிப்பகுதி வழுக்கியது, ஒருநாள் சைலன்சரில் பட்டு உருகி ஒட்டியும் கொண்டது. மூன்றாவது, முழங்கால் வரை வரும் டூரிங் பூட்ஸ். பைக்கில் உட்கார்ந்தால் அரசன் மாதிரி இருக்கும். இறங்கி நூறு அடி நடந்தால் ரோபோ. வேலை இடத்தில் மாற்றுச் செருப்பு வைத்துக்கொண்டு சமாளித்தேன். ஒரு கட்டத்தில் 'இன்றைக்கு மழை வராது' என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டு அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தேன். அலமாரியில் இருக்கும் பூட்ஸ் எந்தக் காலையும் காப்பாற்றுவதில்லை.

ஆகவே நாலாவது முறை தேடியபோது கேள்வியை மாற்றினேன். 'எது நனையாது' என்று கேட்காமல், 'எதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க இருப்பேன்' என்று கேட்டேன். கிடைத்தது கணுக்காலுக்கு நாலு விரல் மேலே வரும் நடுத்தர உயரப் பூட்ஸ். தோல் மேற்புறம், உள்ளே நீர் புகாத மெம்பிரேன் என்கிற மெல்லிய சவ்வு, பக்கவாட்டில் ஜிப், அதன் மேல் வெல்க்ரோ பட்டை. கயிறு கட்டும் மாடலை வேண்டுமென்றே தவிர்த்தேன். தளர்ந்த கயிறு கியர் லீவரிலோ ஃபுட்ரெஸ்டிலோ சிக்கினால், வண்டி நிற்கும் நேரத்தில் காலை ஊன்ற முடியாமல் அப்படியே சாய வேண்டியதுதான்.

வாங்கும் முன் நான் பார்த்த ஒரே தொழில்நுட்ப விஷயம் உள்ளே தைத்திருந்த சின்ன லேபிள். மோட்டார் சைக்கிள் பூட்ஸுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 13634. அதன் 2017 பதிப்பின்படி சோதிக்கப்பட்ட பூட்ஸில் பைக் ஓட்டுபவரின் சின்னமும் நாலு எண்களும் இருக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. வரிசையாக உயரம், உரசல் தாங்கும் திறன், வெட்டுத் தாங்கும் திறன், பக்கவாட்டில் நசுங்காமல் இருக்கும் உறுதி. முதல் எண் 1 என்றால் பூட்ஸ் குட்டை என்றுதான் அர்த்தம், மட்டம் என்றல்ல. மற்ற மூன்றிலும் 2 இருந்தால் நல்லது. பக்கத்தில் டபிள்யூஆர் என்று இருந்தால் நீர் புகாமைக்கும், ஐபிஏ என்று இருந்தால் கணுக்காலில் படும் அடியைத் தாங்குவதற்கும் தனியாகச் சோதித்திருக்கிறார்கள். என்னுடையதில் இரண்டும் உண்டு. 'வாட்டர்ப்ரூஃப்' என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பதை விட டபிள்யூஆர் என்ற இரண்டு எழுத்துகளை நான் அதிகம் நம்புகிறேன்.

சரி, மழைக்கு வருவோம். முதல் பெருமழையிலேயே இரண்டு காலும் சொதசொத. கோபம் தலைக்கேறியது. திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பார்த்தேன். பூட்ஸைக் காயவைத்து, உள்ளே செய்தித்தாளை அடைத்து, கணுக்கால் மூழ்கும் அளவு தண்ணீர் உள்ள வாளியில் அரை மணி நேரம் நிறுத்தினேன். எடுத்துப் பார்த்தால் தாள் மொறுமொறுவென்று அப்படியே இருக்கிறது! தண்ணீர் பூட்ஸ் வழியாக வரவே இல்லை. மேலிருந்து இறங்கியிருக்கிறது. பைக்கில் உட்காரும்போது முழங்கால் மடங்கி, பேன்ட் ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும். தொடையில் விழும் மழையெல்லாம் வழிந்து, சாக்ஸ் வழியாகத் திரிபோல உள்ளே இறங்கும். மெம்பிரேன் எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அதன் பிறகு ரெயின் பேன்டைப் பூட்ஸுக்கு வெளியே, நன்றாகக் கீழே இழுத்து, அதன் அடிப்பட்டையை இறுக்கிவிட்டு ஓட்டுகிறேன். பேன்ட் வாங்கும்போதே பைக்கில் உட்கார்ந்த நிலையில் நீளம் பார்த்தேன். பூட்ஸைத் திட்டியது அநியாயம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னொரு குழப்பமும் உண்டு. மெம்பிரேன் இருப்பது தோலுக்கும் உள்துணிக்கும் நடுவில். நீராவி போகும், நீர்த்துளி போகாது என்கிற அளவுக்கு நுண்ணிய துளைகள் உள்ள சவ்வு அது. கோர்-டெக்ஸ் போன்ற பிராண்டு மெம்பிரேன்கள் வேலை செய்வது இப்படித்தான். ஆனால் வெளியே இருக்கும் தோல் மழையை உறிஞ்சிக்கொண்டால் கால் சில்லென்று ஆகிவிடும், வியர்வையின் ஆவியும் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கும். கழற்றிப் பார்த்தால் சாக்ஸ் ஈரம். 'ஒழுகுகிறது' என்று தோன்றும், ஒழுகியிருக்காது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துடைத்து, மெம்பிரேன் பூட்ஸுக்கென்றே உள்ள நீர்விலக்கித் திரவத்தைப் பூசினால் போதும், துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடும். கொழுப்பு போன்ற கெட்டியான கிரீஸைத் தடவாதீர்கள், தோல் மூச்சு விடாது. பருத்தி சாக்ஸையும் விட்டுவிட்டேன். அது வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். மெல்லிய கம்பளி சாக்ஸ் ஈரமானாலும் குளிராது.

வசதி என்று பார்த்தால், முதல் பதினைந்து நாள் கடி வாங்கினேன். இடது குதிகாலில் தோல் உரிந்தது. பிறகு பழகிவிட்டது. பழகாத ஒரே விஷயம் கியர். புதுப் பூட்ஸின் முனை தடிமனாக இருந்ததால் லீவருக்குக் கீழே கால் நுழையவே இல்லை, இரண்டாவது கியருக்குப் போட்டால் நியூட்ரலில் நின்றது. ஒரு வாரம் பூட்ஸைச் சபித்த பிறகு மெக்கானிக் நண்பர் சிரித்துக்கொண்டே கியர் லீவரின் இணைப்புத் தண்டில் இரண்டு நட்டைத் தளர்த்தி, லீவரை ஒரு விரல் உயர்த்திக் கொடுத்தார். ஐந்து நிமிட வேலை. பின் பிரேக் பெடலையும் அதேபோலச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தெரியாமலே பிரேக்கை அழுத்திக்கொண்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

வெயிலில்? சூடுதான். மெம்பிரேன் உள்ள எந்தப் பூட்ஸும் கோடையில் காற்றோட்டமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நெரிசலில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் பக்கத்துக் கால் வெந்துவிடும். ஓடும்போது பரவாயில்லை.

நனைந்தால் இன்சோலைக் கழற்றித் தனியாக வைத்து, உள்ளே தாளை அடைத்து, இரண்டு மூன்று முறை மாற்றி, நிழலில் காயவைக்கிறேன். ஒரே ஒரு முறை அவசரத்தில் ஹீட்டர் பக்கம் வைத்தேன். மடிப்பில் தோல் வெடித்த கோடு இன்னும் இருக்கிறது, முனையில் பசையும் லேசாகப் பிரிந்தது.

இப்போதைய நிலவரம்: ஜிப் இன்னும் கெட்டி, சேறு பட்ட பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பதோடு சரி. இடது முனையில் கியர் லீவர் உரசிய இடம் வழுவழுப்பாகிவிட்டது. அடிப்பாகம் குதிகால் பக்கம் தேய்ந்திருக்கிறது. வாளிச் சோதனையை வருடாவருடம் செய்கிறேன். இந்த முறை, விரல்கள் மடங்கும் அந்த வெடிப்புக் கோட்டுக்கு நேராக இடது பூட்ஸின் தாளில் ஈரம் தெரிந்தது. மெம்பிரேன் அங்கே கிழிந்திருக்க வேண்டும். அதை ஒட்டுப்போட முடியாது. தூறலுக்குத் தாங்கும், கொட்டும் மழைக்குத் தாங்காது. மழை இல்லாத மாதங்களுக்கு இதை வைத்துக்கொண்டு, புது ஜோடி பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அதே உயரம், அதே ஜிப், ஆனால் அரை அளவு பெரிது. கம்பளி சாக்ஸைப் போட்டுக்கொண்டு, கால் லேசாக வீங்கியிருக்கும் மாலை நேரத்தில்தான் இந்த முறை கடைக்குப் போகப்போகிறேன்.