விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர்: புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிஸ்-கெம், கிளிக்ஸ் என்று எந்தப் பெரிய மருந்துக்கடைக்குப் போனாலும், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் கவ்வும் சின்ன ஆக்சிமீட்டர் கிடைக்கும். சில நூறு ராண்ட் விலை, இரண்டு ஏஏஏ பேட்டரி. கோவிட் காலத்தில் வாங்கியது பல வீட்டு இழுப்பறைகளில் இன்னும் கிடக்கிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நுரையீரல் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கியதும் அதைத் தேடி எடுக்கிறோம். திடீரென்று ஒரு வறட்டு இருமல், காரணம் தெரியாத இளைப்பு, காலையில் முகத்தில் ஒரு வீக்கம். மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதியோ இன்னும் தள்ளி இருக்கிறது. கையில் ஏதாவது ஓர் எண் இருந்தால் தேவலை என்று மனசு அடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் இந்தக் கருவி எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாங்கலாம். ஆனால் அது கெட்ட செய்தி சொன்னால் கேளுங்கள். நல்ல செய்தி சொன்னால் அதை மட்டும் நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். இந்த ஒரு விதியை வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு வாங்குங்கள்.

கருவி விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த வித்தியாசத்திலிருந்து ஆக்சிஜன் ஏறிய ரத்தம் எத்தனை சதவீதம் என்ற எண் வருகிறது. இடையில் தோலின் கருமையும் கணக்கைக் குழப்பும். 2020-இல் அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இதைப் பற்றி எச்சரித்தது. நம்மில் நல்ல கருத்த மேனி உள்ளவர்கள் நிறையப் பேர். அதனால் தனி எண்ணைவிட, அவருக்கு வழக்கமாக என்ன காட்டும், இன்று அதிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதே முக்கியம். உடம்பு நன்றாக இருக்கும் வாரத்தில் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை எடுத்து எழுதி வையுங்கள். அந்தக் கணக்கு கையில் இல்லாவிட்டால் பிறகு வரும் எண்ணுக்குப் பாதி அர்த்தம் போய்விடும்.

எடுக்கும் முறையில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்க வேண்டும். நகப்பூச்சைத் துடைக்க வேண்டும். மருதாணி கறுத்துப் படிந்திருந்தால் வேறு விரல் பாருங்கள். ஆள்காட்டி விரலோ நடுவிரலோ முனைவரை உள்ளே போகட்டும், கையை நெஞ்சு உயரத்தில் அசையாமல் வைக்கட்டும். வெயில் நேராகப் படக்கூடாது. மாட்டியவுடன் வரும் முதல் எண் கணக்கில்லை; அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் பொறுத்து, எண் நிலைத்த பிறகு குறியுங்கள். துடிப்பு எண் கைநாடியோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஆக்சிஜன் எண்ணும் நம்பத்தக்கதல்ல. ரத்த ஓட்டத்தை அலையாகக் காட்டும் திரை இருந்தால் கூடுதல் காசு கொடுத்தாவது அந்த வகையை வாங்குங்கள். அலை நெளிந்து உடைந்து ஓடினால் எண் பொய் என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு குழப்பம்: திரையில் இரண்டு எண் இருக்கும், ஒன்று ஆக்சிஜன், மற்றொன்று நாடித்துடிப்பு. "98 இருக்கு, ஒண்ணும் பயமில்லை" என்று ஜொகன்னஸ்பர்க்கில் இருக்கும் பிள்ளைக்குத் தொலைபேசியில் சொல்வார்கள். பார்த்தால் 98 என்பது துடிப்பு, ஆக்சிஜன் 89. தலைகீழாகப் பிடித்தால் 68 என்பது 89 ஆகவும் படும். ஆக்சிஜன் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எண்ணைக் கேட்காமல் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது.

ஜொகன்னஸ்பர்க் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊர் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்பன் கடற்கரை. அம்மாவை மகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே கூட்டிப்போனால், ஆரோக்கியமானவருக்கே எண் ஓரிரு புள்ளி குறையும். நோயுள்ள நுரையீரலுக்கு இன்னும் கூடுதலாகக் குறையலாம். பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு வழக்கமான எண்ணைப் புதிதாகக் கணக்கிடுங்கள்.

கடல்மட்டத்தில் ஓய்வாக இருக்கும்போது 95-உம் அதற்கு மேலும் பொதுவாகச் சரி. 93, 94 என்று வந்து நின்றால் அன்றே சிகிச்சைக் குழுவைக் கூப்பிட வேண்டும். 92-உம் அதற்குக் கீழும் என்றால் அவசரப் பிரிவு. நெடுங்காலம் புகைத்து நுரையீரல் அடைப்பு நோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சிலருக்கு 88 முதல் 92 வரையே இலக்காக வைத்திருப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு எது என்று மருத்துவரிடமே எண்ணாகக் கேட்டு, கருவியின் பெட்டிமேல் எழுதி வையுங்கள்.

இந்தக் கருவி உண்மையிலேயே காசுக்குத் தகுந்த வேலை செய்யும் இடம், நடந்தபின் எடுக்கும் அளவு. உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டும். வீட்டுக்குள்ளேயே நாற்பது காலடி நடக்கவைத்து மறுபடி பார்த்தால் 91. மூன்று புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் அது பொருட்படுத்த வேண்டிய இறக்கம். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், அட்டெசோலிசுமாப், டுர்வாலுமாப் போன்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் நோயெதிர்ப்பு மருந்துகள் சிலருக்கு நுரையீரலையே அழற்சிக்கு உள்ளாக்கும். ஒசிமெர்டினிப் என்ற நுரையீரல் புற்று மாத்திரையும் அரிதாக அதைச் செய்யும். கதிர்வீச்சாலும் வரும், அதுவும் சிகிச்சை முடிந்து ஒன்று முதல் மூன்று மாதம் கழித்து, எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்ட நேரத்தில். இந்த அழற்சி முதலில் வறட்டு இருமலாகவும் மாடிப்படியில் இளைப்பாகவுமே தலைகாட்டும். ஓய்வில் எடுத்த எண் அப்போதும் நன்றாகவே இருக்கலாம். ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவரையோ, ஓய்விலேயே எண் குறைந்தவரையோ, தலைசுற்றல், நெஞ்சுவலி உள்ளவரையோ நடக்கவைத்துப் பார்க்காதீர்கள். அவர்களுக்குச் சோதனை தேவையில்லை, தொலைபேசிதான் தேவை.

இனி, கருவி வாயே திறக்காத இடங்கள்.

கீமோவில் ரத்தச் சிவப்பணு குறைந்துபோனால் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும், ஆனால் எண் 98 காட்டும். இருக்கிற சிவப்பணுக்களில் ஆக்சிஜன் நிறைந்திருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும்; எத்தனை இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டரைச் சமையலறை வாசலில் ஓடவிட்டாலோ, குளிர்காலத்தில் கரிக்கணப்பை மூடிய அறைக்குள் வைத்தாலோ கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறும். அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணி நல்ல எண் காட்டும். தலைவலியும் குமட்டலும் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக வந்தால் நோய் காரணமல்ல, காற்று காரணம். உடனே வெளியே வாருங்கள்.

காய்ச்சல் இதைவிடப் பெரிது. கீமோ ஏற்றிய ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளையணு அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் 38 டிகிரி என்பது விடியும்வரை பொறுக்கிற விஷயமல்ல, நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று மறையாது. ஆகவே ஆக்சிமீட்டருக்கு முன்னால் ஒரு நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். வாயில் வைப்பதானால் சூடான தேநீர் குடித்து அரை மணி கழியட்டும். அக்குளில் எடுத்தால் ஏறத்தாழ அரை டிகிரி குறைத்துக் காட்டும். நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி வகை டர்பன் புழுக்கத்தில் வியர்த்த நெற்றியில் சரியாக வராது; அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முகமும் கழுத்தும் காலையில் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, குனிந்தால் தலை கனத்தால், நெஞ்சுக்குள் இருக்கும் புற்றுக்கட்டி பெருஞ்சிரையை, அதாவது தலையிலிருந்து ரத்தம் இறங்கும் பெரிய குழாயை, அழுத்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். முதுகுவலி புதிதாக வந்து, கால் துவண்டாலோ மரத்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். அங்கே மணிநேரக் கணக்குதான், தாமதமானால் கால் திரும்பாது. அளவுகடந்த தாகம், மலச்சிக்கல், பேச்சில் தடுமாற்றம் மூன்றும் சேர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். சிறுசெல் வகைப் புற்றுநோயில் சோடியம் இறங்கியும் புத்தி தடுமாறும். "வயசாச்சு, மறதி" என்று வீட்டில் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த இரண்டையும்தான். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். காலையில் தலைவலியும் வாந்தியும், புதிதாக வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கித் திடீர் மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம்: இவற்றில் எதற்கும் ஆக்சிமீட்டரைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.

புது இருமல் எல்லாமே மருந்தாலும் புற்றாலும் வருவதில்லை. தென்னாப்பிரிக்காவில் காசநோய் எங்கும் இருக்கிறது. இரவு வியர்வை, எடை குறைவு, இருமல் என்று அதன் அடையாளமும் இதேதான். கீமோவும் ஸ்டீராய்டும் உடம்பைத் தளர்த்தும்போது உறங்கிக்கிடந்தது எழும்பலாம். சளியை, காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனைக்கு அனுப்பலாமா என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

புரட்டாசி விரதத்தையும் சொல்லியாக வேண்டும். மாமிசம் விடுவதில் தப்பில்லை, பருப்பும் தயிரும் பயறும் சேர்த்தால் போதும். ஆனால் தண்ணீரும் குடிக்காமல் இருந்தால், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றிய உடம்பில் சிறுநீரகம் அடிபடும். வரும் தலைசுற்றலை மருந்தின் குற்றம் என்று நினைத்துக்கொள்வோம். சர்க்கரை நோயாளிக்கு வாந்தி தடுக்கத் தரும் டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தையும் கெடுக்கும். அந்த நாட்களில் குளுக்கோமீட்டரையும் பக்கத்தில் வையுங்கள்.

எண் நன்றாக இருந்தும் மூச்சு முட்டுகிறது என்று அம்மா சொன்னால் அவரைத்தான் நம்ப வேண்டும், கருவியை அல்ல. மருத்துவர் பார்க்கும்வரை ஒரு கையடக்க மின்விசிறி பெரிய ஆறுதல்: முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து மூக்கிலும் மேலுதட்டிலும் காற்றுப் படவேண்டும், உடம்பு முன்னே சாய்ந்து முழங்கை மேசையில் ஊன்றியிருக்க வேண்டும். சார்ஜ் ஏற்றும் வகையாக இருந்தால் மின்வெட்டிலும் ஓடும். ஆக்சிஜன் இயந்திரத்தைச் சிலர் மருத்துவரைக் கேட்காமலே வாடகைக்கு எடுக்கிறார்கள். எண் சரியாக உள்ளவருக்கு அது விசிறியைவிடக் கூடுதலாக ஒன்றும் செய்வதில்லை.

எண் ஏறினாலும் இறங்கினாலும் கடைசியில் ஒருவரிடம் சொல்லத்தானே வேண்டும். டர்பனின் ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறவருக்கும் இரவில் பக்கத்து அவசரப் பிரிவுதான், சாட்ஸ்வர்த் என்றால் ஆர்.கே.கான், ஃபீனிக்ஸ் என்றால் மகாத்மா காந்தி. அங்கே பணியில் இருக்கும் மருத்துவருக்கு அப்பாவின் கதை தெரியாது. ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: புற்றின் வகை, மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, அறிகுறி தொடங்கிய நாள், ஓய்வில் எண், நடந்தபின் எண், காய்ச்சல், சர்க்கரை. நோயெதிர்ப்பு மருந்து என்றால் அதைத் தாளின் முதல் வரியில் பெரிதாக எழுதுங்கள், நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தாலும். இல்லாவிட்டால் சாதாரண நிமோனியா என்று ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்து அனுப்ப வாய்ப்புண்டு. நோயெதிர்ப்பு மருந்தால் வரும் நுரையீரல் அழற்சிக்கு வேண்டியது ஸ்டீராய்டு. அரசு ஆம்புலன்ஸ் 10177, கைப்பேசியிலிருந்து 112.

பெற்றோர் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மாட்டிப் பார்த்துப் பயப்படுகிறவர் என்றால் கருவி பிள்ளைகள் கையில் இருக்கட்டும். காலை, மாலை, புது அறிகுறி வந்தபோது, அவ்வளவே. பயன்படுத்தாமல் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றுங்கள், கசிந்தால் தகடு அரித்துப்போகும். உள்ளே இருக்கும் ரப்பர் மெத்தையை ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள். அடுத்த கீமோவுக்குப் போகும்போது கருவியைக் கூடவே எடுத்துப்போய், செவிலியர் அவர்களுடையதை ஒரு விரலில் மாட்டும்போது உங்களுடையதைப் பக்கத்து விரலில் மாட்டுங்கள். வித்தியாசம் இரண்டு புள்ளிக்குள் இருந்தால் அதைப் பின்பக்கம் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் வேறு வாங்குங்கள்.