கடை இணையதளத்துக்கு எந்தப் பட வடிவம்: ஜேபெக்கா, வெப்பியா, ஏவிஐஎஃப்பா?

கும்பகோணம் பக்கம் பட்டுக்கடையோ சிலைப் பட்டறையோ இணையதளம் போடும்போது, "எல்லாப் படத்தையும் வெப்பிக்கு மாத்திடலாமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மாற்றலாம், ஆனால் படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

படக் கோப்பு வடிவங்களில் ஜேபெக் (JPEG) 1992-லிருந்து இருக்கிறது. பழைய போனிலும் திறக்கும், ஃபிளெக்ஸ் அடிப்பவர் கணினியிலும் திறக்கும். வெப்பி (WebP) 2010-ல் கூகுள் கொண்டுவந்தது. ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் சிறிதாகும் என்பது கூகுள் சொல்லும் கணக்கு, 2020-ல் ஆப்பிளின் சஃபாரி பிரவுசரும் ஏற்றுக்கொண்டதால் இன்று திறக்காத பிரவுசர் அபூர்வம். கடை முகப்பு, ஆட்கள், சாப்பாடு மாதிரிப் படங்களுக்கு யோசிக்காமல் வெப்பி போடலாம்.

பட்டு என்றால் கதை வேறு. திருபுவனம் புடவை ஒன்றின் அரக்குச் சிவப்பு முந்தியை வெப்பியில் சேமித்து, பெரிதாக்கிப் பாருங்கள்: மெல்லிய ஜரிகைக் கோட்டின் ஓரத்தில் சிவப்பு கசிந்து, கோடு மங்கித் தெரியும். வழக்கமான வெப்பி, வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்று என்றுதான் சேமிக்கிறது, தரத்தை 95-க்கு ஏற்றினாலும் அது மாறாது. ஜேபெக்கிலும் பல மென்பொருள்கள் அப்படித்தான் செய்கின்றன, ஆனால் அங்கே 4:4:4 (நிறத்தையும் புள்ளிக்குப் புள்ளி வைக்கும் அமைப்பு) என்று அமைத்தால் நிறம் முழுதாக வந்துவிடும். புடவையின் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், அதில் போய் மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஏவிஐஎஃப்பிலும் (AVIF) 4:4:4 உண்டு, நிறத்தை இன்னும் நுணுக்கமான படிகளில் சேமிக்கும் 10 பிட் நிறமும் உண்டு, அளவும் பெரும்பாலும் வெப்பியைவிடக் குறையும். 2019-ல் வந்தது, குரோம் 2020-ல், ஃபயர்ஃபாக்ஸ் 2021-ல், சஃபாரி 2022-ல், எட்ஜ் 2024-ல்தான் ஏற்றன. தரத்தை ரொம்பக் குறைத்தால் நுணுக்கங்களை மழுக்கிவிடும், பெரிய கோயில் கல்வெட்டின் கல் சொரசொரப்பு மெழுகு பூசின மாதிரி ஆகிவிடும். மாற்றவும் நேரம் பிடிக்கும். அப்புறம், சிக்னல் சரியாக இல்லாத ஊரில் புரோகிரஸிவ் ஜேபெக் மங்கலாகவாவது முதலில் முகம் காட்டும், ஏவிஐஎஃப் பெரும்பாலும் முழுதாக இறங்கிய பிறகுதான் தெரியும்.

லோகோவுக்கு பிஎன்ஜி போதும், இழப்பில்லாத (எதையும் விடாமல் சேமிக்கும்) வெப்பி இன்னும் சிறிது. ஜேபெக் எக்ஸ்எல் என்று இன்னொரு வடிவமும் உண்டு, அது பழைய ஜேபெக்கை ஒரு புள்ளி இழக்காமல் சுமார் 20 சதவீதம் சுருக்கி, வேண்டும்போது அதே கோப்பைத் திருப்பித் தரும். குரோம் 2022-ல் அதை நீக்க முடிவெடுத்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சரி, பட்டுக்கும் சிலைக்கும் என்ன செய்வது? பிக்சர் டேக்கில் (ஒரே படத்தைப் பல வடிவங்களில் கொடுத்தால், பிரவுசர் தனக்குத் திறக்கத் தெரிந்த முதலாவதை எடுத்துக்கொள்ளும் HTML குறி) முதலில் ஏவிஐஎஃப், கடைசியில் ஜேபெக், இரண்டும் 4:4:4. இரண்டையும் கேமராவின் மூலப் படத்திலிருந்தே எடுங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், போட்டோவாக அனுப்பினால் ஜரிகை அங்கேயே போய்விடும்.